உள்நாட்டுப் பொருளா, மலிவான இறக்குமதியா? வாங்குபவரின் அறம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே தேவைக்கு இரண்டு பொருள்கள் முன்னால் இருக்கின்றன. ஒன்று சொந்த நாட்டில் செய்யப்பட்டது, விலை சற்றுக் கூடுதல். மற்றொன்று கடல் கடந்து வந்தது, விலை பாதிதான். எதை வாங்குவது நியாயம் என்று யோசிப்பவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன.

உள்நாட்டுப் பொருளையே வாங்குவது ஒவ்வொருவரின் கடமையா?

அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு பொருளுக்கு முன்னுரிமை தருகிறோம் என்றால், ஏன் தருகிறோம் என்பதை வெளிப்படையாக எடுத்துச் சொல்ல முடிய வேண்டும். இதைச் செய்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கிறது, இந்தத் தொழில் நசிந்தால் ஒரு வட்டாரமே முடங்கிப்போகும், பழுதானால் சரிசெய்து தர ஆள் இருக்கிறார் என்பவையெல்லாம் ஏற்கத்தக்க காரணங்கள். இவற்றில் ஒன்றும் இல்லாமல் ‘இது நம்முடையது’ என்பது மட்டுமே மிஞ்சும்போது, அதைப் பற்று என்று சொல்லலாம். பற்று வைப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அடுத்தவர் தலையில் அதைக் கடமையாகச் சுமத்தும் உரிமை யாருக்கும் கிடையாது.

எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைவிட, எந்த நிலைமையில் செய்யப்பட்டது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது என்பதுதான் என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இந்த இடத்திலிருந்தே புறப்படுகின்றன.

நம் நாட்டுத் தொழிலாளியும் வேற்று நாட்டுத் தொழிலாளியும் சமம்தானே? அப்படியிருக்க முன்னுரிமை என்பதே பாரபட்சம் இல்லையா?

மனிதர்கள் என்ற முறையில் இருவரும் சமம். தூரம் ஒருவரின் துன்பத்தின் கனத்தைக் குறைப்பதில்லை என்று தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972-ல் முன்வைத்த வாதத்துக்கு, என் அறிவுக்கு எட்டியவரை, இன்றுவரை முழுமையான மறுப்பு வரவில்லை. வறிய நாட்டிலுள்ள ஒரு தையல் தொழிலாளிக்கு அந்த வேலை குடும்பத்தின் ஒரே வருவாயாக இருக்கலாம். அதே வேலை செல்வ நாட்டில் உள்ளவருக்குப் பல வாய்ப்புகளில் ஒன்றாக இருக்கலாம். இந்தக் கோணத்தில் பார்த்தால் இறக்குமதிப் பொருளை வாங்குவதே கூடுதல் நன்மை தரும்.

ஆனால் அருகாமைக்கும் ஓர் அறப் பொருள் உண்டு. ஒரே சட்டத்தின் கீழ் வாழ்கிறவர்கள் ஒருவருக்காக மற்றவர் வரி செலுத்துகிறார்கள். வாக்களித்து ஒருவர் வாழ்வை மற்றவர் தீர்மானிக்கிறார்கள். உள்நாட்டுத் தொழிற்சாலையில் அநீதி நடந்தால் அதைத் தட்டிக்கேட்க நீதிமன்றம், தொழிற்சங்கம், பத்திரிகை, தேர்தல் என்று வழிகள் இருக்கின்றன. தட்டிக்கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்குப் பொறுப்பும் கூடுகிறது. உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தர இது நல்ல காரணம்தான். வெளிநாட்டுத் தொழிலாளியை மறந்துவிட மட்டும் இதைக் காரணமாகக் காட்டக்கூடாது.

இறக்குமதிப் பொருள் ஏன் இவ்வளவு மலிவாக இருக்கிறது?

மலிவுக்குப் பல தாய்கள் உண்டு. அவர்களைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதால்தான் இந்த விவாதம் பெரும்பாலும் குழம்பிப்போகிறது.

முதலாவது, யாரையும் புண்படுத்தாத மலிவு. இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல் விளக்கியது இதைத்தான். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் எளிதாக வருவதைச் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் இரு தரப்புக்கும் ஆதாயம். தட்பவெப்பம், மூலப்பொருள், கைத்தேர்ச்சி, பேரளவு உற்பத்தி ஆகியவற்றால் குறையும் விலை இந்த வகையைச் சேர்ந்தது. இதை மறுப்பதற்கு அற அடிப்படை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, வாழ்க்கைச் செலவு குறைவாக உள்ள நாட்டில் கூலியும் குறைவாக இருப்பதால் வரும் மலிவு. கூலி குறைவு என்பதாலேயே அது சுரண்டல் ஆகிவிடாது. அந்த ஊரில் அந்தக் கூலியைக் கொண்டு ஒரு குடும்பம் உண்டு, உடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

மூன்றாவது, அரசு மானியத்தால் வரும் மலிவு. ஒரு நாட்டின் கருவூலம் செலவை ஏற்றுக்கொள்ள, அந்நாட்டுப் பொருள் அடக்க விலைக்கும் கீழே மற்றொரு நாட்டுச் சந்தையில் கொண்டுவந்து குவிக்கப்படும். வாங்குபவருக்கு இது இனாம்போலத் தோன்றும். அந்தச் சந்தையை நம்பியிருந்த உற்பத்தியாளர் தம் குறை ஏதுமின்றியே வீழ்கிறார்.

நான்காவது, செலவை வேறொருவர் தலையில் கட்டுவதால் வரும் மலிவு. சாயக் கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது, அவசர வழியைப் பூட்டிவைப்பது, கூடுதல் நேர வேலைக்குக் கூலி தராமல் விடுவது, ஆள்பிடிக்கும் தரகரிடம் பட்ட கடனைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிப்போடுவது ஆகியவை எல்லாம் விலைச்சீட்டில் தள்ளுபடியாகத் தெரியும். அறக் கேள்வியின் முழுக் கனமும் இந்த நான்காவது வகையின்மீதுதான் விழுகிறது.

தொழிலாளர்களைச் சுரண்டும் நாட்டின் பொருள்களை ஒட்டுமொத்தமாகப் புறக்கணித்தால் என்ன?

இக்கேள்விக்கு வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலின் வரலாறு மிகத் தெளிவான பாடத்தைத் தருகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்காவுக்கு அருகே சாவர் என்ற இடத்தில் இருந்த ராணா பிளாசா எட்டு மாடிக் கட்டடம். அதன் மேல்தளங்கள் முறையான அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களிலும் சுவர்களிலும் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த கடைகளும் வங்கிக் கிளையும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வந்தாக வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டார்கள். ஏப்ரல் 24 காலை மின்சாரம் நின்றது. மேல்தளங்களில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. சிறிது நேரத்தில் கட்டடம் முழுவதும் சரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரக்கு அனுப்பும் நாள் தவறினால் வெளிநாட்டு நிறுவனம் ஆர்டரை ரத்துசெய்யும் என்ற அச்சமும் அந்த வற்புறுத்தலுக்குப் பின்னால் இருந்தது. அந்த அச்சத்தை உண்டாக்கியதில் மலிவையும் வேகத்தையும் கேட்கும் சந்தைக்குப் பங்கு உண்டு.

அப்போது பலரும் புறக்கணிப்பைப் பேசினார்கள். ஆனால் மாற்றம் வேறு வழியில் வந்தது. அடுத்த மாதமே உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் தீ, கட்டடப் பாதுகாப்பு குறித்துச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. சுயேச்சையான பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்து அறிக்கைகளை வெளிப்படையாகப் பதிப்பித்தார்கள். ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாதக் கூலி 3,000 டாக்காவிலிருந்து (வங்கதேச நாணயம்) 5,300 டாக்காவாக அவ்வாண்டின் இறுதியில் உயர்ந்தது. போதாத கூலிதான், ஆயினும் அது தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடிப் பெற்ற உயர்வு. வாங்குபவர்கள் விலகிப் போயிருந்தால் அந்தப் போராட்டத்துக்குப் பேரம் பேசும் வலிமையே இருந்திருக்காது.

இதற்கு முந்தைய அனுபவம் இன்னும் கசப்பானது. குழந்தைத் தொழிலாளர் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்யும் மசோதா ஒன்று 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அது சட்டமாகவே இல்லை. ஆனால் சட்டமாகிவிடுமோ என்ற அச்சத்தினாலேயே வங்கதேச ஆலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வேலையிலிருந்து நீக்கின என்று யுனிசெஃப் மதிப்பிட்டது. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைப்பதற்கும் அதைவிடக் கொடிய தொழில்களுக்கும் போனார்கள். பின்னர் 1995-ல் ஆலை உரிமையாளர் சங்கம், யுனிசெஃப், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகிய மூன்றும், பள்ளியில் இடமும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பிறகே குழந்தைகளை விடுவிப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. மசோதாவைக் கொண்டுவந்தவர்களின் நோக்கத்தில் குறை காண முடியாது. கதவை மூடும்முன் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கத் தவறியதே அதன் குறை.

அப்படியானால் எந்தப் பொருளையும் மறுக்கவே கூடாதா?

கட்டாய உழைப்பால் செய்யப்பட்டதை மறுத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன வாதம், மோசமான வேலையானாலும் தொழிலாளி தாமே தேர்ந்துகொண்ட வேலை என்பதை அடிப்படையாகக் கொண்டது. தேர்வே இல்லாத இடத்தில் அந்த வாதம் நிற்காது. 2021-ல் உலகில் சுமார் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது.

கட்டாய உழைப்புப் பொருள்களை அமெரிக்கா 1930-லேயே தடைசெய்தது. ஆனால் உள்நாட்டு உற்பத்தி போதாத பொருள்களுக்கு விலக்கு வைத்திருந்தது. தேவைப்பட்டால் அடிமை உழைப்பையும் அனுமதிக்கலாம் என்ற அந்த விலக்கு 2016-ல்தான் நீக்கப்பட்டது. சீனாவின் சின்சியாங் பகுதியிலிருந்து வருபவை கட்டாய உழைப்பால் ஆனவை என்றே கொள்ளப்படும், அல்ல என்று இறக்குமதியாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிற அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-ல் ஒரு தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. மெய்ப்பிக்கும் சுமையை வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு மாற்றுவதே சரியான திசை என்று கருதுகிறேன்.

உள்நாட்டில் செய்தது என்றால் நியாயமாகச் செய்தது என்று நம்பலாமா?

நம்ப முடியாது. 1995 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எல் மான்டி என்ற ஊரில், முள்கம்பி சூழ்ந்த குடியிருப்பு ஒன்றில் அடைத்துவைக்கப்பட்டு ஆடை தைத்துக்கொண்டிருந்த 72 தாய்லாந்துத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்திருந்தார்கள். அவர்கள் தைத்தவை முழு உரிமையோடு உள்நாட்டுத் தயாரிப்பு என்ற லேபிளைத் தாங்கக்கூடியவை. இத்தாலியின் பிராட்டோ நகரில் 2013 டிசம்பரில், தைக்கும் இடத்திலேயே தடுப்புக்குள் உறங்கிய சீனத் தொழிலாளர்கள் ஏழு பேர் தீயில் மாண்டார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத் தையற்கூடங்களில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவாகத் தரப்பட்டது 2020-ல் பெரும் செய்தியானது.

மூன்று நாடுகளிலும் நல்ல தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன. உள் ஒப்பந்தத்துக்குள் இன்னொரு உள் ஒப்பந்தம் என்று வேலை கைமாறிச் செல்லும்போது சட்டத்தின் கண் அதைப் பின்தொடரவில்லை.

சான்றிதழ் முத்திரைகளை நம்பி வாங்கலாமா?

துணைக்கு வைத்துக்கொள்ளலாம்; தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். 2012 செப்டம்பரில் கராச்சியில் 250-க்கும் மேற்பட்டோரைத் தீயில் பலிகொண்ட ஆடை ஆலைக்கு, சில வாரங்களுக்கு முன்புதான் பன்னாட்டுத் தரச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. ஆலை உரிமையாளர் பணம் கட்ட, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து பார்த்துத் தரப்படும் சான்றைவிட, தொழிலாளர்களின் சங்கம் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியாது. ஐஃபோன் 3ஜி கைபேசியை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று, அதன் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர் என்றும், அதில் சீனாவில் பாகங்களைப் பொருத்தும் வேலைக்கான பங்கு 6.50 டாலர் மட்டுமே என்றும் கணக்கிட்டது. மீதம் ஜப்பான், தென்கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளின் பாகங்களுக்குப் போனது. ஆனால் வணிகக் கணக்கில் முழுத் தொகையும் சீன ஏற்றுமதியாகவே எழுதப்படும். உள்நாட்டு லேபிள் கொண்ட சட்டையின் பஞ்சு, நூல், சாயம், பொத்தான் ஆகியவையும் இப்படி நாலா திசையிலிருந்தும் வந்திருக்கலாம்.

மலிவான இறக்குமதியால் நம் நாட்டில் வேலைகள் பறிபோவது உண்மைதானே?

உண்மை. அதை மூடிமறைத்த பொருளியலாளர்கள் பெரும் தீங்கு செய்தார்கள் என்றே சொல்வேன். சீனா 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்த பிறகு அமெரிக்காவில் ஏற்பட்ட விளைவுகளை டேவிட் ஆட்டர் முதலிய ஆய்வாளர்கள் வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்தார்கள். 1999-க்கும் 2011-க்கும் இடையே சீன இறக்குமதியின் போட்டியால் 20 முதல் 24 லட்சம் வேலைகள் குறைந்தன என்பது அவ்வரிசையில் வந்த ஓர் ஆய்வின் மதிப்பீடு. எண்ணிக்கையைவிட முக்கியமான உண்மை ஒன்றும் வெளிப்பட்டது. வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்குப் போய் வேறு தொழில் பழகி எழுந்துவிடுவார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னது நடக்கவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களும் துணியும் செய்துகொண்டிருந்த ஊர்களில் பத்தாண்டு கழிந்தும் கூலி தாழ்ந்தே இருந்தது. ஐம்பது வயதுத் தறிகாரரின் வீட்டை விலைக்கு வாங்க ஆளில்லாத ஊரிலிருந்து அவர் எங்கே கிளம்பிப் போவார்?

மலிவின் ஆதாயம் கோடிக்கணக்கானவர்களுக்குச் சிறுசிறு துளியாகப் பரவுகிறது. இழப்போ சில ஊர்களின்மீது மொத்தமாக இறங்குகிறது. ஆதாயம் பெற்றவர்கள் இழந்தவர்களுக்கு ஈடுசெய்தால் கணக்கு நேராகும். அமெரிக்காவில் 1962 முதல் அதற்கென ஓர் உதவித் திட்டம் இருந்தது. அதன் அளவு என்றுமே போதுமானதாக இருந்ததில்லை. 2022-ல் புதிய விண்ணப்பங்களை ஏற்கும் அதிகாரமும் காலாவதியானது. எனவே மலிவுப் பொருளை வாங்கும் ஒருவர், மறுபயிற்சிக்கும் வேலையிழப்பு உதவிக்குமான வரியை எதிர்த்து வாக்களிப்பாரானால், அங்கேதான் அவருடைய அறப் பிழை இருக்கிறது.

வறிய நாடுகளையும் மலிவான இறக்குமதி பாதிக்குமா?

மிகக் கடுமையாகப் பாதிக்கும். ஹெய்ட்டி தன் அரிசி இறக்குமதி வரியை 1995-ல் 3 சதவீதமாகக் குறைக்க நேர்ந்தது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்நாட்டு நெல் விவசாயிகள் நிலைகுலைந்தார்கள். அந்தக் கொள்கைக்குக் காரணமான முன்னாள் அதிபர் பில் கிளின்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன், அது தம் மாநில விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது தவறு, அதன் விளைவோடுதான் தினமும் வாழ்கிறேன் என்ற பொருளில் சொன்னார்.

ருவாண்டாவின் கதை வேறுவகை. செல்வ நாடுகள் கழித்துக்கட்டும் பழைய துணிகள் வந்து குவிவதால் உள்ளூர் ஆடைத் தொழில் தலையெடுக்கவில்லை என்று கருதி, 2016-ல் அந்நாடு அவற்றின்மீதான வரியைக் கிலோவுக்கு 0.20 டாலரிலிருந்து 2.50 டாலராக உயர்த்தியது. 2018-ல் ருவாண்டாவின் ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச் சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது. தம் இளந்தொழில்களைக் காக்க வேண்டும் என்று 1791-ல் தன் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் வாயிலாக வாதிட்ட அதே நாடு, அந்த வழியை மற்றொரு நாட்டுக்கு மறுப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

அப்படியென்றால் காப்பு வரியை உயர்த்துவதுதான் தீர்வா?

இளந்தொழிலுக்கு, குறித்த காலத்துக்கு என்றால் நியாயம் உண்டு. பாதுகாப்புக்கும் உயிர் காக்கும் பொருள்களுக்கும் உண்டு. கட்டற்ற வணிகத்தின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்தே 1776-ல் நாட்டின் பாதுகாப்புக்கு விலக்கு அளித்தார். 2020-ல் முகக்கவசங்களின் ஏற்றுமதியை நாடுகள் அடுத்தடுத்துத் தடைசெய்தபோது அதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் கண்மூடித்தனமான வரி பழிவாங்கும் வரியைக் கூட்டிவரும். 1930-ல் ஸ்மூட்–ஹாலி சட்டத்தால் அமெரிக்கா வரிகளை உயர்த்த, கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. பெரும் பொருளாதார மந்தத்தில் ஏற்கனவே சரிந்துகொண்டிருந்த உலக வணிகம் மேலும் சுருங்கியது.

அருகில் செய்த பொருள் சுற்றுச்சூழலுக்கு நல்லதல்லவா?

எப்போதும் அல்ல. அளவை வைத்துப் பார்த்தால் உலகச் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கப்பலில்தான் போகிறது. அவ்வளவையும் சுமக்கும் கப்பல்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்கள் உலக மொத்தத்தில் ஏறக்குறைய 3 சதவீதம். பெரும்பாலான பொருள்களில் செய்யும் முறைதான் சுமையைத் தீர்மானிக்கிறது. குளிர்நாட்டில் எரிவாயுவால் சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில் விளைந்த தக்காளி, வெயில் நாட்டில் திறந்த வெளியில் விளைந்து வந்ததைவிடக் கூடுதல் கரிம உமிழ்வைச் சுமந்திருக்கும். விமானத்தில் வருபவை மட்டும் இதற்கு விலக்கு. நெடுநாள் உழைக்கும் பொருளை வாங்குவது, எந்த நாட்டுடையதாயினும், இந்தக் கணக்கில் பெரும்பாலும் முந்திநிற்கும்.

கையில் பணம் இல்லாதவர் என்ன செய்வார்?

மலிவானதை வாங்குவார், அதற்காக அவர் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. பிள்ளையின் காலுக்குச் செருப்பு வாங்க நிற்பவரிடம் உலக வணிகத்தின் பாவக் கணக்கை நீட்டுவது அநியாயம். பொறுப்பு வசதிக்கும் அதிகாரத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் சீருடை வாங்கும் அரசுத் துறைக்கும், மருத்துவமனைக்கும், பெருநிறுவனத்துக்கும் இருக்கும் கடமை மாதக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு இல்லை. வசதி இருந்தும் தேவைக்கு மேல் மலிவை அள்ளிக் குவிப்பவருக்கே இந்தப் பக்கத்தின் கடுமையான சொற்கள் உரியவை.

ஒருவர் வாங்காமல் விடுவதால் எதுவும் மாறுமா?

தனியாக மாறாது, சேர்ந்தால் மாறியிருக்கிறது. 1791-ல் பிரிட்டனில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் துறக்கும் இயக்கம் தொடங்கியது. அதில் சுமார் 3 லட்சம் பேர் பங்கேற்றதாக அடிமை ஒழிப்புப் போராளி தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள் வீட்டுக்குள்ளிருந்தே அரசியலில் இறங்க அது வழி திறந்தது. அந்த இயக்கம் மட்டுமே அடிமை வணிகத்தை ஒழிக்கவில்லை. 1807-ல் வந்த சட்டத்துக்குப் பின்னால் மனுக்களும், நாடாளுமன்றப் போராட்டமும், கரீபியத் தீவுகளில் அடிமைகளே நடத்திய கிளர்ச்சிகளும் இருந்தன. துறந்தவர்கள் தெளிவான கோரிக்கையோடு துறந்தார்கள் என்பதே அதன் வலிமை. எதற்காக வாங்கவில்லை என்பதை நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்காத புறக்கணிப்பு, விற்பனைக் கணக்கில் வெறும் சரிவாகத்தான் தெரியும்.

புறக்கணிப்பால் வேலை இழப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நேரில் போய்ச் சொல்ல முடிகிற பதிலாக அது இருக்க வேண்டும். அந்நியத் துணிப் புறக்கணிப்பை நடத்திய காந்தி 1931 செப்டம்பரில் இங்கிலாந்தின் லங்காஷயருக்குச் சென்று, அந்தப் புறக்கணிப்பாலும் வேலை இழந்திருந்த ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். அவர்களின் துன்பத்தை அவர் மறுக்கவில்லை. இந்தியாவின் வறுமை அதைவிட ஆழமானது என்பதை எடுத்துச் சொன்னார். அந்தத் தொழிலாளர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். புறக்கணிப்பில் இறங்கும் ஒவ்வொருவரும் தம் காரணத்தை இவ்வாறு வைத்துப் பார்க்கலாம்: வேலையிழந்தவரின் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல முடியுமா?

ஏற்கனவே வாங்கி வீட்டில் இருக்கும் பொருள்களை என்ன செய்வது?

எறிந்துவிட வேண்டாம். 1921-ல் அந்நியத் துணிகள் எரிக்கப்பட்டபோது, உடுக்கத் துணியற்றவர்கள் இருக்கும் நாட்டில் துணியை எரிப்பது தகுமா என்று தாகூர் எதிர்த்துக் கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பொருளை அழிப்பதால் அதைச் செய்தவரின் உழைப்பு இரண்டாம் முறையும் வீணாகிறதே தவிர, அவருக்கு எதுவும் திரும்பிக் கிடைப்பதில்லை. தையல் பிரிந்தால் தைத்து, பாகம் போனால் மாற்றி, முடிந்தவரை நீண்ட நாள் பயன்படுத்துங்கள். அடுத்ததை வாங்கும் நாள் வரும்போது, விற்பவரிடம் இது எந்த ஆலையில் செய்யப்பட்டது, அங்கே தொழிற்சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் அதே கேள்வியை நிறுவனத்துக்கு எழுதி அனுப்புங்கள்.